கடைசித் தாள்

கிழித்தது யார் என்று கீர்த்திகாவுக்குத் தெரிந்துவிட்டது. நூலகத்து நோட்டில் மூன்று புத்தகங்களுக்கும் அவள் பெயருக்கு மேலே ஒரே பெயர்தான் இருந்தது: மாரிசாமி.

வாய்விட்டுச் சொல்லத்தான் முடியவில்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்ற பிறகு வெளி ஆட்களிடம் அவளுக்குப் பேச்சு வருவதில்லை. விரலால் அந்தப் பெயரைத் தொட்டுக் காட்டினாள்.

நூலகர் அய்யாதுரை கண்ணாடியைக் கழற்றினார். "அவரு அங்கனதான் உக்காந்திருக்காரு தாயி, நேராவே கேட்டிருவோம். ஏங்க மாரிசாமி, இந்தப் புள்ள கொண்டாந்து குடுத்த மூணு புஸ்தகத்துலயும் கடைசித் தாளக் காணோம். நீங்க கிழிச்சீகளா?"

செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்த மாரிசாமி சிரித்தார். "நான் கடைசிப் பக்கத்தப் படிச்சுட்டுத்தான்யா முதல் பக்கத்துக்கே வருவேன். மூணுலயும் இருந்துச்சு. கொன்னவன் யாருன்னுதான் மறந்து போச்சு."

கீர்த்திகா நேர்மாறு. கடைசி வரி தானாக வந்து சேரும்வரை கடைசிப் பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அய்யாதுரை புதுக் கட்டிலிருந்து ஒரு சரித்திர நாவலை உருவினார். கடைசித் தாளில் அவள் கண்ணெதிரே முத்திரை குத்தினார். "இது யாரு கையும் படாதது. ஞாயித்துக்கிழம சாயங்காலம் இப்படியே வரணும். இல்லேன்னா உன் நூலக அட்டைய வாங்கிக்கிருவேன் தாயி. நானும் மேல பதில் சொல்லணும்ல?"

அந்த அட்டை போனால் அவளுக்கு அடுப்பும் அண்ணன் பிள்ளையின் தொட்டிலும்தான் மிச்சம்.

இந்தத் தவிப்பு ஒரு மாதமாக. கடைசிப் பக்கங்களைக் கரையான் அரித்த ஒரு காதல் கதையில் தொடங்கியது அது. ரயிலடியில் பெட்டியோடு நின்றவளிடம் அவன் வந்தானா இல்லையா என்று தெரியாமல், இரண்டு நாள் குழம்பில் உப்பை மறந்தாள். மூன்றாம் நாள், முடித்த புத்தகங்களைப் பற்றி ரகசியமாக எழுதிவரும் நோட்டில் அந்த முடிவைத் தானே எழுதினாள். அவன் வரவில்லை. அவள் மட்டும் ரயிலேறினாள்.

அதற்குப் பிறகு எடுத்த எதற்கும் கடைசித் தாள் இல்லை. துப்பறியும் கதையில், எல்லாருக்கும் நல்லவனாக இருந்த டாக்டர்மேல் ஐந்தாம் அத்தியாயத்திலேயே அவளுக்குச் சந்தேகம். நோட்டில் அவனைப் பிடித்துக் கொடுத்தாள். பேய்க்கதையில் பேயைவிட மாமியார்தான் பயமுறுத்தினாள்; முடிவில் இருவரையும் ஒரே வீட்டில் விட்டுக் கீர்த்திகா கதவைச் சாத்தினாள். செவ்வாய்க்கிரகம் போன பெண், கிளம்பும்போது அடுப்பை அணைத்தாளா என்றுகூடக் கதைக்காரர் சொல்லவில்லை. அதையும் கீர்த்திகாதான் அணைத்தாள்.

"ஏட்டி, இன்னுமா அந்த ராசா ராணி சண்டை தீரல? இங்கன ரசம் பொங்கி வழியுது!"

பட்டாசுக் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி வந்த முத்துமாரி மதினி, கைகாலைக் கழுவிவிட்டுப் பிள்ளை ரோஜாவை வாரிக் கன்னத்தைக் கிள்ளினாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் பட்டாசுப் பொடியின் வெள்ளி நிறம் நகக்கண்ணை விட்டுப் போகாது. ரோஜாவின் கன்னம் மினுமினுத்தது.

"எம்புட்டுத்தான் படிப்ப? எனக்குப் பஸ் போர்டு படிச்சாலே கொட்டாவி வருது."

கீர்த்திகா உயரத்தில் ஆணியில் தொங்கிய பழைய பள்ளிக்கூடப் பையை இறக்கி நோட்டை எடுத்தாள். 'இந்த ராஜாக்கள் யாருமே பசிக்கிறது என்று சொல்வதில்லை' என்று எழுதினாள். நோட்டின் ஓரத்தில் துளி வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. பிள்ளை கைபட்டிருக்கும் என்று துப்பட்டாவால் துடைத்தாள்.

ஞாயிறு மதியம் கடைசி அத்தியாயம். கோட்டைக் கதவு திறக்கிறது. உள்ளே காத்திருப்பவள் ராணியா, எதிரியா? படபடப்போடு பக்கத்தைத் திருப்பினாள்.

பின்னட்டைதான் இருந்தது.

தாளையும் காணோம், முத்திரையையும் காணோம். அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராகக் கிழிந்திருந்தது. நூலகத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்த புத்தகம். அண்ணன் நாலு நாளாக லாரியில் வடக்கே லோடு கொண்டு போயிருக்கிறான். ரோஜாவுக்கு இப்படி நேராகக் கிழிக்க வராது.

கீர்த்திகா புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த முத்துமாரி முன்னால் போய் நின்றாள்.

"மதினி… அட்டையப் பிடுங்கிருவாக மதினி."

முத்துமாரியின் கை தொட்டிலில் நின்றது. கீர்த்திகாவின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய்க் கம்பெனிக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். அடியிலிருந்து நாலு தாள்களை எடுத்து நீட்டினாள். மேல் தாளில் முத்திரை.

"ஒண்ணுகூடக் கசங்கல பாரு. நாளெல்லாம் வெடிக்குக் காயிதம் ஒட்டுறவ நான். நாலையும் தடம் தெரியாம ஒட்டித் தாரேன். அய்யாதுரை அண்ணன்கிட்ட நானே வந்து சொல்லுதேன்."

"நீங்களா? எதுக்கு மதினி?"

முத்துமாரி ஆணியில் தொங்கிய பையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "கரையான் தின்ன கதைக்கு ஒரு முடிவு எழுதியிருந்தியே. அதப் படிச்சுட்டு, அன்னைக்கு வண்டியில கம்பெனி போறவரைக்கும் அழுதேன்."

"அதுக்கு? நல்லா இருந்த புஸ்தகத்த ஏன் கிழிச்சீக?"

"கிழிச்சாத்தானட்டி நீ எழுதுவ!"