வலது பக்கம் கேட்கவில்லை

"வலது ஸ்பீக்கர் மறுபடியும் முனகுது ராஜமாணிக்கம். இது மூணாவது தடவை!" கதவைத் திறந்ததும் திறக்காததுமாக பாகீரதி பிடித்துக்கொண்டாள்.

ராஜமாணிக்கம் செருப்பைக் கழற்றினான். அவன் வேலை பார்க்கும் அடுகோடி ஸ்டீரியோ கடை முதலாளி காலையிலேயே கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "அந்த ஜீவனஹள்ளி வீட்டுலேர்ந்து நாலாவது போன் வந்துச்சுன்னா நீ வேற கடை பாத்துக்க."

ஹாலில் இடது ஸ்பீக்கர் சுவரை ஒட்டி நின்று முழங்கிக்கொண்டிருந்தது. வலது ஸ்பீக்கர் ஜன்னலோரம். அதற்கும் தள்ளி பாகீரதியின் நாற்காலி. அவள் கணவர் ஷங்கர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

ராஜமாணிக்கம் ஸ்டீரியோ செட் இருந்த ரேக்குக்குப் பின்னால் புகுந்து இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிச் சொருகினான். இப்போது வலது முழங்கியது, இடது முனகியது. ஆக, ஸ்பீக்கர் இரண்டும் கல்லு மாதிரி இருக்கின்றன. செட்டை அணைத்துவிட்டு, அடியிலிருந்த சின்ன மூடியைத் திறந்தான். உள்ளே, இரண்டு பக்கத்துக்கும் சத்தத்தைப் பங்கிடும் பேலன்ஸ் திருகு இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது.

போன இரண்டு தடவையும் இதே கதைதான். நழுவியிருக்கும் என்று நினைத்து நடுவில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"இது தானா திரும்பாது மேடம். யாரோ திருப்பறாங்க."

"இங்க ஒரு திருகு இருக்கறதே எனக்கு இப்பதான் தெரியும். ஏங்க, நீங்க தொட்டீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" பேப்பர் அசையவில்லை.

"சரி சார், இடது ஸ்பீக்கரையாவது சுவத்த விட்டு நகத்தலாமா? இரைச்சல் குறையும்."

"அது அங்கதான் இருக்கும்!"

பாகீரதி குரலைத் தாழ்த்தினாள். "அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இவர் தம்பி சுந்தரம் வீடு. பாகம் பிரிச்சப்போ ஹாலுக்கு நடுவுல எழுப்பின சுவர். எட்டு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. இனிமே இவர் தம்பிகூட ஒரு வார்த்தை பேசினா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொல்லியிருக்கேன்."

"அவன்கூட யாரு பேசப்போறா? அந்தப் பயலுக்குக் காது கிழியட்டும்!" என்றார் ஷங்கர்.

ராஜமாணிக்கத்துக்கு விஷயம் புரிந்துபோயிற்று. தம்பியை வதைக்க அண்ணன் திருகைத் திருப்புகிறார். நடுவில் தன் பிழைப்பில் மண் விழுகிறது. எரிச்சலாக வந்தது.

"நடுவுல வெச்சு பசை போட்டு ஒட்டிடறேன் மேடம். அப்புறம் பிரம்மாவாலயும் திருப்ப முடியாது."

"பேடா, பேடா, வேண்டாம்! புது செட்டுக்குப் பசையா?" ஷங்கர் முதல்முறையாகப் பேப்பரை இறக்கினார்.

"நல்லா ஒட்டுங்க. காபி கொண்டுவரேன்," என்று பாகீரதி சமையலறைக்குப் போனாள். ஷங்கர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளறைக்குப் போனார்.

ராஜமாணிக்கம் திருகை நடுவில் வைத்துவிட்டு, வண்டியிலிருந்து பசை டியூபை எடுத்து வந்தான். முதலில் ஒயர்களைப் பழையபடி மாற்றலாமென்று ரேக்குக்குப் பின்னால் குனிந்தான்.

பாட்டு நின்று பத்து நிமிஷம் ஆகியிருந்தது. திடீரென்று சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக இரண்டு தட்டு கேட்டது.

உள்ளறையிலிருந்து ஷங்கர் விரைந்து வந்தார். ஹாலில் யாரும் இல்லையென்று நினைத்துக்கொண்டு, விரலால் சுவரில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அதில் வாயை வைத்தாற்போல் பேசினார்:

"மருந்து சாப்டியாடா சுந்தரம்? கொஞ்சம் பொறு, இந்த மெக்கானிக் போகட்டும். உன் பக்கம் திருப்பி வெச்சுடறேன். படுத்துண்டே கேளு."

ராஜமாணிக்கம் சத்தமில்லாமல் ஒயர்களைப் பழையபடி சொருகி முடித்தான். அவர் உள்ளே போனதும் எழுந்து, பசை டியூபைப் பைக்குள் போட்டான். பிறகு திருகைத் தன் கையாலேயே இடது பக்கம் திருப்பிவிட்டு, வலது ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டுபோய் பாகீரதியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தான்.