நூற்றுக்கு நாற்பத்தொன்று

மேகமலைச் சரிவில் இருந்த பவளக்கொடியின் வீட்டைப் பூட்டி ஆறு வருடமாகிறது. அழிந்துபோனதாக நினைத்த ஒரு தவளையினம் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்க நூற்றுக்கு நாற்பத்தொன்று வாய்ப்பு என்று கணினி சொன்னது. கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. இருந்தாலும் பள்ளத்தாக்கு சரணாலயமானது. பவளக்கொடியும் கணவர் மாசாணமும் கம்பத்தில் ஒரு மூன்றாவது மாடிக்குக் குடிவந்தார்கள். மழை பெய்தால் ஓட்டில் விழும் சத்தம் இல்லையே என்று அவள் ஏங்குவாள்.

இந்த மழைக்காலத்திலும் தவளையின் குரல் கேட்காவிட்டால் அந்த இடத்தை விடுவித்து, குடியிருந்தவர்களைத் திரும்பி வர விடுவார்கள். கணக்கெடுப்பின் கடைசி நாள், ஆய்வாளர் நூர்ஜஹான், "வீட்ட ஒருதரம் பாத்துட்டு வாங்க" என்று இருவரையும் உடன் அழைத்துப்போனாள்.

கொல்லையில் பாசி படிந்த துவைகல்லைப் பவளக்கொடி தடவினாள். கல்லுக்கு அடியிலிருந்து கண்ணாடி வளையல் உரசுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. இருபது வருடம் அங்கே வாழ்ந்தவளுக்கு அது புதிது. நூர்ஜஹான் தொலைவில் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாசாணத்துக்கும் கேட்டுவிட்டது. வேண்டாம் என்று தலையசைத்தார்.

பூட்டிய வீட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பவளக்கொடி நூர்ஜஹானைக் கூப்பிட்டாள். "இங்கன வாம்மா. அது கத்துது."

ஓடிவந்து கேட்ட நூர்ஜஹானுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆண் தவளைம்மா. ஜோடியக் கூப்பிடுது."

"பதிலே வரலியே?"

"இன்னும் வரல."

ஜீப் வளைவில் திரும்பி வீடு மறைந்த பிறகுதான் மாசாணம் கேட்டார். "ஏன்டி சொன்ன?"

"எம்புட்டு நாளாக் கூப்பிடுதோ," என்றாள் பவளக்கொடி. "நாம வந்து பாத்திரத்த உருட்டிக்கிட்டு இருந்தா, அதுக்கு வர்ற பதிலு எப்படிங்க காதுல விழும்?"