தட்டேந்திய முயல்

லானி அந்தப் பலகையைப் பார்க்கவே இல்லை.

உடைந்த நாற்காலிகளைப் பார்த்தான். துருவேறிய பால் கேன்களைப் பார்த்தான். அந்தப் பண்ணைவீட்டு வெர்னா அம்மாளின் கோழிகளைக்கூட ஒன்றுவிடாமல் நலம் விசாரித்தான். கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடந்த அந்த ஆறடித் தகரத்தின் பக்கம் மட்டும் தலையைத் திருப்பவில்லை.

ஓக்லஹோமா மாநிலம் நெடுக பழைய விளம்பரப் பலகை தேடி அலைகிறவர்களின் முதல் பாடம் அதுதான். மனசுக்குப் பிடித்ததைப் பார்க்காதே. பார்த்தாலும் புகழாதே. ஒருமுறை வாய் தவறி “அடடா” என்று சொல்லிவிட்டான். அந்த வீட்டுக்காரர் அன்றைக்கே பலகையைத் துடைத்துத் தன் வீட்டு முன்னறையில் மாட்டிக்கொண்டார்.

அந்தத் தகரத்தில் வரைந்திருந்த முயலைப் பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தான். பழைய நெடுஞ்சாலையோரம் எப்போதோ இடிந்துபோன ஒரு சாப்பாட்டுக் கடையின் பலகை. காது இரண்டும் பின்னால் பறக்க, ஒரு தட்டில் ஆப்பிள் பலகாரத்தை ஏந்திக்கொண்டு முயல் ஓடுகிறது. கீழே சிவப்பு எழுத்தில், “இன்னும் இரண்டே மைல்.” சூடான பலகாரத்திலிருந்து எழும் ஆவியை எவனோ ஒருவன் தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரைந்திருக்கிறான்.

விற்பதற்காக இல்லை. தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து பார்ப்பதற்காக.

ஒரு நாற்காலிக்கு இருபது டாலர் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டான்.

“அந்தத் துருப்பிடிச்ச தகரம் சும்மாதானேம்மா கெடக்குது? எங்க கோழிக்கூண்டு ஒழுகுது. மேல போட்டு ஆணி அடிச்சா ஆகும்.”

லானியிடம் கூண்டும் இல்லை, கோழியும் இல்லை. டல்சா நகரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறான்.

வெர்னா அம்மாள் தகரத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். எதையோ எதிர்பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். லானி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

“எத்தனை கோழி தம்பி?”

“ஏழும்மா.”

“ஐயோ, போன வாரம் பூரா மழையாச்சே! ஒழுகுற எடம் எவ்வளவு இருக்கும்?”

“மூணடிக்கு ரெண்டடி இருக்கும்.”

வாய் கூசாமல் வந்தது அளவு. மற்றதெல்லாம் கூசியது. எழுபது தாண்டிய மனுஷி, இல்லாத ஏழு கோழிக்காக முகம் வாடி நிற்கிறாள். உள்ளே போய் ஒரு பை சோளம் வேறு கொண்டுவந்து கொடுத்தாள். நனைந்த கோழிக்குச் சூடு வேண்டுமாம். அதையும் வாங்கிக்கொண்டான்.

“காசெல்லாம் வேணாம், எடுத்துட்டுப் போ. நீ காசு குடுத்த நாற்காலி கொட்டகைப் பரண்மேல இருக்கு, நீயே எறக்கிக்க.”

எடுத்துக்கொண்டு போ என்றதும் அவனுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடவில்லை. இரண்டாவது பாடம், அவசரம் காட்டாதே.

பரணில் ஏறினான். தேவையே இல்லாத நாற்காலியின் தூசியைத் தட்டினான். தன் வீட்டு முன்னறையில் முயலை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று யோசித்தான். கிழக்குச் சுவர்தான், காலை வெயில் படும். பொய் சொன்னது உறுத்தியது. ஆனால் யாருக்கு நஷ்டம்? வருஷக்கணக்காக வெயிலில் காய்ந்த தகரம். முயலுக்கு நல்ல இடம் கிடைக்கப்போகிறது. இப்படியெல்லாம் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு அரைமணி நேரம் ஓட்டினான். வெளியே கறக் கறக்கென்று ஏதோ சத்தம். வேலிச்செடியை வெட்டுகிறாள்போல என்று நினைத்துக்கொண்டான்.

நாற்காலியோடு கீழே வந்தான்.

வெர்னா அம்மாள் பெரிய ஆண்பிள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, தகரம் வெட்டும் கத்திரியோடு புல்தரையில் மண்டியிட்டிருந்தாள். வேர்வையில் நெற்றி மயிர் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நாலு துண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக. மேல் துண்டில் முயலின் காதும் பாதி முகமும் ஆவிக் கோட்டின் ஒரு நுனியும் இருந்தன.

“மூணுக்கு ரெண்டு, அளந்துதான் வெட்டினேன். ஒண்ண இப்ப போடு, மிச்சத்த பத்திரமா வை. கையக் கிழிச்சிடக் கூடாதுன்னு ஓரத்தையெல்லாம் மடக்கி விட்டுட்டேன்.”

லானிக்கு நாற்காலியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“என் வீட்டுக்காரர் வரைஞ்சது தம்பி. கடையில தட்டு தூக்கினது நான்தான். என் ஓட்டத்தப் பாத்துட்டுத்தான் முயல் போட்டாரு. கடை போனப்புறம் யாராவது வண்டிய நிறுத்தி, நல்லாருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்வாங்கன்னு வெளியிலேயே வச்சிருந்தாரு. அவர் போயி ஒம்பது வருஷம் ஆச்சு. வந்தவன் எவனும் அத ஏறிட்டுக்கூடப் பாக்கல. நாலஞ்சு பேர் வந்தாங்க, எல்லாரும் உடைஞ்ச நாற்காலி வாங்கிட்டுப் போனாங்க. நீயாவது கேட்டியே.”

பதினோரு வருஷமாக அடக்கி வைத்திருந்த அந்த “அடடா” நாக்குநுனிவரை வந்தது. இப்போது அதைச் சொன்னால், தான் எதை வெட்டினோம் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். சொல்லாவிட்டால், அந்த மனிதர் வரைந்ததைப் பற்றி யாருமே எதுவுமே சொல்லாததாக ஆகிவிடும்.

அவள் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லானி முதல்முறையாகக் குனிந்து அந்தத் தகரத்தை நேராகப் பார்த்தான். ஆவியை வரைந்திருந்த கோட்டின்மேல் விரலை வைத்தான்.

“நல்ல கெட்டித் தகரம்மா” என்றான்.