பக்கத்து வீட்டு மாத்திரை

“மாத்திரை போட்டாச்சா?”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது குரல். பக்கத்து வீட்டுக் கலியபெருமாள், விளக்கு வைத்ததும் வைக்காததுமாகத் தினமும் பெண்சாதியை இப்படித்தான் கேட்பார்.

அமிர்தவல்லி தன் உள்ளங்கையில் இருந்த மாத்திரையைப் பார்த்தாள். “குடுத்து வெச்சவ” என்று முணுமுணுத்துக்கொண்டே அதை வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

அவளைக் கேட்க யார் இருக்கிறார்கள்? புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன மகன், போன தையில் வந்து பெண்டாட்டியையும் மார்சேய்க்குக் கப்பலேற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் தூக்கம் போயிற்று, பசி போயிற்று. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களை எட்டிப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மனசைப் பிடித்து அழுத்துகிற பாரத்துக்கு என்று டாக்டர் தணிகாசலம் எழுதிக்கொடுத்த மாத்திரை அது. பிரான்சிலிருந்து புதிதாக வந்ததாம். கொடுக்குமுன் அவர் ஒரே பிடியாக நின்றார்.

“வீட்ல யாராச்சும் இத வெச்சிருந்து, வேளைக்கு எடுத்துக் குடுக்கணும்மா. தனியா இருக்கிறவங்க கையில பாட்டிலத் தூக்கிக் குடுக்க மாட்டேன். ஒங்க வீட்ல யாரு இருக்கா?”

“மருமவ இருக்கா.”

வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். சொல்லாவிட்டால் மருந்து கிடையாதே. தட்டி மறைப்புக்கு வெளியே, பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த யாரோ இருமினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதெல்லாம் யார் முகத்தையும் அவள் பார்ப்பதில்லை.

மாத்திரை போட ஆரம்பித்ததும் வாய் உலர்ந்தது, தலை சுற்றியது. அந்தச் சமயத்தில்தான் சுவருக்கு அப்பால் குரல் சொன்னது: “படுக்கையிலேருந்து சட்டுனு எழுந்திரிக்கக் கூடாது. ஒக்காந்து, நெதானிச்சி, அப்பறம்தான் எழுந்திரிக்கணும்.”

அந்தப் பெண்சாதிக்கும் இதே மாத்திரைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்தம்மா பதில் சொல்லி ஒரு நாளும் காதில் விழவில்லை. நல்ல அடக்கமான பொம்பளை.

இன்னொரு நாள், இத்தனை விழுங்கியும் ஒன்றும் தெரியவில்லையே என்று வாய்விட்டு அலுத்துக்கொண்டு, பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்க்க எழுந்தாள். “ரெண்டு மூணு வாரம் ஆவும்னு டாக்டர்தான் சொன்னாரே, பொறுத்துக்க வேணாமா?” என்றது குரல். யாருக்கோ சொன்னதென்றாலும் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பொறுத்தது வீண் போகவில்லை. ஒரு நாள் விடியும்வரை தூங்கினாள். இன்னொரு நாள் நாக்கு எதையோ தேடிற்று. உழவர்கரைச் சந்தையில் எப்போதோ வாங்கிப்போட்ட சுண்டைக்காய் வற்றலைத் தேடியெடுத்து, நல்லெண்ணெயில் பொரித்துக் குழம்பு வைத்தாள்.

அன்றைக்குக் குரலில் சிரிப்பு இருந்தது. “சுண்டக்கா வத்தக்கொழம்பா! வாசனை தூக்குது. ஆனா ஒண்ணு, நல்லாயிட்டாப்பல இருக்குதேன்னு மாத்திரைய நாமளா நிறுத்திடக் கூடாது. டாக்டரக் கேட்டுக்கிட்டுத்தான்.”

“பாரேன், அங்கயும் இதே கொழம்பு” என்று அமிர்தவல்லியும் சிரித்துவிட்டாள். சிரித்த சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

மறுநாள் விளக்கு வைத்தாயிற்று. குரல் வரவில்லை. மாத்திரை உள்ளங்கை வேர்வையில் நனைந்து பிசுபிசுத்தது. கடைசியில் யாரும் கேட்காமலேயே போட்டுக்கொண்டாள்.

அந்தப் பொம்பளைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ? பாட்டிலைத் தனியாகக் கையில் எடுத்துவிட்டாளோ?

விடிந்ததும், சுண்டவைத்த குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி மூடிக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஆம்பிளை மட்டும் இருக்கிற வீடென்றால் போயிருக்க மாட்டாள். பெண்சாதி இருக்கிற வீடுதானே.

கதவைத் திறந்தவர் கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். “தொண்ட கட்டிக்கிச்சிம்மா. நேத்து பேச்சே வரல” என்றார் கலியபெருமாள்.

“அவங்க எப்படி இருக்காங்க? மாத்திரை போட்டாங்களா?”

“யாரு?”

“ஒங்க வீட்டம்மா.”

அவர் நகர்ந்து நின்றார். உள்ளே ஒரு கட்டில். கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு. சுவரில் ஒரு அம்மாள் படம், அதில் காய்ந்துபோன மாலை.

அமிர்தவல்லி அந்தப் படத்தையே பார்த்தாள். போய்விட்டவளோடா இந்த மனுஷன் தினமும் பேசிக்கொண்டிருக்கிறார்? தன்னைவிட ஒண்டியாய் ஒருத்தர், ஒரு சுவர் தள்ளி.

“தெரியாம கேட்டுட்டேன், ஐயா.”

“பரவால்லம்மா. நான் இங்க குடிவர்றதுக்கு முன்னாடியே போயிட்டா. இருந்த வரைக்கும் ‘சாப்ட்டியா’ன்னு ஒரு நாள்கூட அவள நான் கேட்டதில்ல.” சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

“அப்ப முந்தாநாளு, வத்தக்கொழம்பு வாசனை தூக்குதுன்னு சொன்னீங்களே. அத யாரு வெச்சா?”

கலியபெருமாள் அவள் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

“நீங்கதாம்மா.”