பிக்கப்பின் குறைகள்

"பிரேக் மிதிச்சா வண்டி இடது பக்கமா இழுக்கும்," என்றார் தபால்காரர்.

வாங்க வந்த மருந்துக்கடைக்காரரின் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தார். அதுவோ மலர்ந்தது. மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

தபால்காரர் அவசரமாக அடுத்த குறையைத் தேடினார்.

விஷயம் இதுதான். ஷெட்டில் நிற்கும் அந்தப் பழைய பிக்கப் வண்டி போனால்தான் அங்கே அவருடைய மனைவி தையல் கடை வைக்க முடியும். மெஷின்கள் வந்து இறங்கிப் படுக்கையறையை அடைத்துக்கொண்டு நின்றன. கட்டிலுக்குப் போக வேண்டுமென்றால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டுதான் போக வேண்டும். யாராவது வந்து வேண்டுமென்று கேட்டால் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்துவிடுகிறேன் என்று தபால்காரரும் பெரிய மனது பண்ணிச் சொல்லியிருந்தார். இந்த ஓட்டை உடைசலை எவன் வந்து கேட்கப் போகிறான் என்ற தைரியம்தான்.

மனைவி விளம்பரம் கொடுத்தாள். ஆள் வந்தே விட்டார்.

அந்த வண்டி போய்விட்டால் தபால்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. வாரம் முழுக்க ஊராருக்கு வந்ததை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தால்தான் தனக்கென்றும் ஒன்று இருப்பதாக அவருக்குத் தோன்றும்.

பொய் சொல்லி ஆளைக் கிளப்பலாமென்றால் அந்தக் கலை அவருக்குக் கைவந்ததில்லை. சரி, உண்மையைச் சொல்லியே விரட்டுவோம் என்று முடிவு செய்தார். இந்த வண்டியைப் பொறுத்தவரை உண்மைக்குப் பஞ்சமே இல்லை.

வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் துரு அரித்த இடங்களைக் காட்டினார். அங்கே வைத்த எல்லா ஒட்டும் தானே போட்டது என்றார். வெல்டிங் பழகியதே இந்தச் சேஸிஸில்தான் என்பதையும் மறைக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் வெள்ளைச் சட்டையோடு அடியில் புகுந்து, முதல் ஒட்டைத் தடவிப் பார்த்தார், கடைசி ஒட்டையும் தடவிப் பார்த்தார். போகப் போகக் கை நன்றாகத் தேறியிருக்கிறது என்று உள்ளேயிருந்தே பாராட்டினார்.

என்ஜின், கவிழ்ந்துபோன ஒரு வேனிலிருந்து வந்தது, கியர் பெட்டி வேறொரு வண்டியினுடையது, இரண்டுக்கும் ஜென்மத்துக்கும் ஆகாது என்றார் தபால்காரர். இரண்டாவது கியர் தானாக நழுவிவிடும், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். "அப்படியா!" என்று கேட்டார் வந்தவர். குழந்தை பிறந்த செய்தியைக் கேட்பவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

ஹார்ன் அடித்தால் வைப்பர் ஓடுவதையும் செய்து காட்டினார். எந்த வயர் எங்கே தொடுகிறது என்பதை மட்டும் இன்னும்... என்று அவர் ஆரம்பிக்கும்போதே மருந்துக்கடைக்காரர் பதறிக் கையை நீட்டித் தடுத்தார்.

"தெரிஞ்சாலும் சொல்லிடாதீங்கண்ணே! அதை நானே கண்டுபிடிக்கறேன்."

எதைச் சொன்னாலும் இந்த ஆளுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கிறதே. தபால்காரர் கையில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். பானட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டரின் மேல் உட்கார்ந்திருப்பது அசல் மூடி இல்லை, வீட்டுச் சமையலறையில் இருந்து எடுத்த பாத்திர மூடி என்று உடைத்துச் சொல்லிவிட்டார்.

சுவரை நாடாவால் அளந்துகொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள்.

அந்த மூடியை நாத்தனார்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்து, அவளோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள். இப்போது அவள் நாடாவை மெதுவாகச் சுருட்ட ஆரம்பித்தாள். அதுதான் தபால்காரருக்கு இன்னும் பயமாக இருந்தது.

மருந்துக்கடைக்காரர் மூடியை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு கிரீஸ் படிந்த கைகளால் தபால்காரரின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உங்கள மாதிரி நேர்மையான மனுஷனை நான் பாத்ததே இல்லண்ணே."

பணம் மனைவியின் கைக்குப் போனது, சாவி மருந்துக்கடைக்காரர் கைக்குப் போனது. தபால்காரர் முடுக்கினால் இருமி, கனைத்து, நாலு தெருவுக்குத் தெரிய ஆர்ப்பாட்டம் செய்யும் வண்டி, புது ஆள் சாவியைத் திருகியதும் சொன்னபடி கேட்டுக் கிளம்பியது. பெற்ற பிள்ளை காலை வாரிவிட்டது போல இருந்தது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வண்டி தெருவில் இறங்கியதும் அவருக்கு இன்னொரு குறை ஞாபகம் வந்தது. பின்கதவின் கொக்கி பள்ளத்தில் இறங்கினால் தானாகக் கழன்றுகொள்ளும். ஒருவேளை இதைக் கேட்டால் மனம் மாறுவாரோ என்னவோ. செருப்பு ஒரு பக்கம் போக, கத்திக்கொண்டே தெருமுனை வரைக்கும் ஓடினார். மருந்துக்கடைக்காரர் ஜன்னல் வழியே கையை நீட்டி, சந்தோஷமாக ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மூச்சிரைக்க அங்கேயே நின்றபோதுதான், இந்த வண்டியைத் தான் வாங்கிய நாள் தபால்காரருக்கு நினைவு வந்தது.

விற்றவர் ஒரு தச்சர். ஒரு குறை பாக்கி வைக்காமல் எல்லாவற்றையும் அவராகவே எடுத்துச் சொன்னார். உலகத்தில் இப்படியும் ஒரு நேர்மையான மனிதரா என்று இத்தனை வருஷமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் தபால்காரர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோயிருக்கிறார்.

அந்தத் தச்சரும் அன்றைக்கு ஏதோ கத்திக்கொண்டே தெருமுனை வரைக்கும் ஓடிவந்தார். வழியனுப்ப இவ்வளவு தூரம் வருகிறாரே என்று மனம் நெகிழ்ந்து, இவரும் ஜன்னல் வழியே கையை ஆட்டிவிட்டுத்தான் வந்தார்.