நீல வெளிச்சம்

நீல வெளிச்சத்தில் மகள் மிதந்துகொண்டிருந்தாள்.

கண்ணாடித் தொட்டில். கண்களை மூடி வெள்ளைத் துணிக்கட்டு. மேலே வரிசையாக விளக்குகள்.

பிறந்த மறுநாளே உடம்பெல்லாம் மஞ்சள் ஏறிவிட்டது. இறங்காவிட்டால் ரத்தத்தையே மாற்ற வேண்டிவரும் என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த நீலத்தில் மஞ்சள்கூடத் தெரியவில்லை. மீன்தொட்டிக்குள் தூங்குகிறவள் போலக் கிடந்தாள்.

அப்பன் தொட்டிலை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊருக்கு வெளியே நர்சரியில் பச்சை வலைக்கடியில் நாற்று வளர்க்கிறவன் அவன். வெளிச்சத்தைப் பற்றி அவனிடம் யாரும் கதைவிட முடியாது. போன வருஷம் ஓர் ஓட்டல்காரர் அவனிடம் வாங்கிய செடிகளுக்கு இரவும் பகலும் விளக்குப் போட்டார். இலை வெளிறியது. வெளிச்சம் போதவில்லையாம், மகராசன் இன்னொரு விளக்கையும் மாட்டினார்.

இலைக்குள்ளும் ஓர் அடுப்படி இருக்கிறது. வெளிச்சத்தை வாங்கிச் சமைக்கும். அளவுக்கு மிஞ்சினால் அடுப்படியே கருகிவிடும். கொஞ்சம் நிழல் கிடைத்தால்தான் பழுதுபார்த்துக்கொண்டு எழுந்திருக்கும்.

அந்தச் செடிகள் எழுந்திருக்கவில்லை. மஞ்சளாகித்தான் செத்தன.

கை தானாக நீண்டது. விளக்குக்குக் கீழே உள்ளங்கையை விரித்துப் பிடித்தான். அவள் நெஞ்சில் கையளவு நிழல் விழுந்தது.

அப்பாடா என்று இருந்தது, அவனுக்கு.

“அண்ணே, கையை எடுங்க. மறைக்கக் கூடாது,” என்றாள் நர்ஸ்.

“விடாம எரிஞ்சா எதுதான் தாங்கும் சிஸ்டர்? சித்த நேரம் அணைச்சு வைங்களேன்.”

“நல்லா சொன்னீங்க. இந்த வெளிச்சந்தான் மஞ்சளைக் கரைக்குது. அணைச்சா திரும்ப ஏறிரும்.” அவன் கையில் மருந்துத் தண்ணீரை ஊற்றித் தேய்க்கச் சொன்னாள். “முதுகுலயும் படணும். திருப்பிப் போடுங்க. நீங்கதான். வாங்க.”

அவன் மகளை இன்னும் தொட்டதே இல்லை.

ஒரு கை தலைக்கு. ஒரு கை நெஞ்சுக்கு. வேர் மண் உதிராமல் நாற்றைத் தூக்கிப் பழகிய கைகள்தான்.

மெல்லத் திருப்பினான்.

அந்தச் சின்ன முதுகு முழுவதையும் வெளிச்சத்துக்குக் கொடுத்தான்.

அவள் சிணுங்கினாள்.

“பொறுத்துக்கோ தாயி,” என்றான். “இது வேற வெளிச்சம்.”

சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது. கும்பிடத் தோன்றியது.

கைகள் இரண்டும் அவளுக்கு அடியில் இருந்தன.