தவளைக்குப் பிடிக்காத மழை

பூனையும் சேவலும் தவளையும், உள்ளேயே படுத்துறங்க வசதியுள்ள கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பிரான்ஸ் கடற்கரையோரமாக ஊர் சுற்றக் கிளம்பின. கிளம்பிய நாள் முதல் விடாத மழை.

“பாழாய்ப்போன மழை!” என்று பூனை சீறியது. “கொண்டையெல்லாம் ஊறிப்போச்சு,” என்று சேவல் புலம்பியது.

தவளைக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஆனாலும் நண்பர்கள் வாடியிருக்கும்போது தான் மட்டும் சிரித்தால் நன்றாகவா இருக்கும்? “எனக்கும் சளி பிடிச்சிடுச்சுப்பா,” என்று இருமிக் காட்டியது.

மத்தியானம் மற்ற இருவரும் கண்ணயர்ந்ததும் தவளை மெல்ல வெளியே போய் ஆசைதீர நனைந்தது. திரும்பி வந்தால் பூனை விழித்திருந்தது.

“சளியோட எங்கேடா போனே?”

“வேன் கதவு சரியா சாத்தியிருக்கான்னு பார்க்கத்தான்...”

பூனைக்குக் கண் கலங்கிவிட்டது. சேவலை எழுப்பி விஷயத்தைச் சொன்னது. “நமக்காக இவன் நனைஞ்சிருக்கான். இனி ஒரு நிமிஷம்கூட இங்கே இருக்கக் கூடாது.”

“தெற்கே ஒரு பாலைவனம் இருக்காம். அங்கே மழையே கிடையாதாம்,” என்றபடி சேவல் வண்டியைத் திருப்பியது. “உனக்காகத்தான்டா போறோம். சந்தோஷம்தானே?”

தவளை கடைசியாக ஒருமுறை ஜன்னலில் வழியும் தண்ணீரைப் பார்த்தது.

“ரொம்ப சந்தோஷம்,” என்றது. “கொஞ்சம் வேகமாப் போங்க.”